ஆறே வழியாக: சான்ஸ்கார் நதியில் ஒரு மிதவைப் பயணம்

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு நதி என்ற பொருளோடு வழி என்ற பொருளும் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பெறாத கலைஞனுக்கு வழிகாட்டுவதாக அமைந்த நூல்களை நம் முன்னோர் 'ஆற்றுப்படை' என்றே வழங்கினர். சமவெளியில் வாழும் நமக்கு இப்பொருள் ஒற்றுமை பெரும்பாலும் அகராதிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. நெடுங்காலம் நதியையே வழியாகக் கொண்டிருந்த நிலப்பகுதி ஒன்று நம் நாட்டின் வடகோடியில் உள்ளது. லடாக்கைச் சேர்ந்த சான்ஸ்கார்ப் பள்ளத்தாக்கே அது.

புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார், மலையிலிருந்து கற்களில் மோதி இறங்கும் பேராற்றில் செல்லும் புணையை மனித வாழ்வுக்கு உவமையாக்கினார் என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். அத்தகைய ஆற்றில் புணையை இறக்கி, மனிதரை ஏற்றி, பல நாள்கள் பயணம் செய்வதை இன்றைய உலகம் 'ராஃப்டிங்' என அழைக்கிறது. நீரின் போக்கிலே போகும் புணையில் அமர்ந்திருப்பவனுக்குச் செய்வதற்கு என்னதான் இருக்கிறது? இவ்வினாவுக்குச் சான்ஸ்கார் நதியைச் சான்றாகக் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நதியும் நிலமும்

சான்ஸ்கார் நதி இரு கிளைகளின் கூட்டால் பிறக்கிறது. பென்சி லா என்னும் ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரமுள்ள கணவாயை அடுத்த திராங்-துருங் பனியாற்றிலிருந்து வருவது டோடா. மற்றொன்று, சராப், கர்க்யாக் ஆகிய இரு ஆறுகள் புர்னே என்னுமிடத்தில் கலந்து உருவாகும் லுங்னாக். இவ்விரண்டும் படும் என்னும் ஊரையடுத்த அகன்ற பள்ளத்தாக்கில் ஒன்றுகூடுகின்றன. அங்கிருந்து சான்ஸ்கார் என்ற பெயரோடு வடகிழக்கு நோக்கிச் செல்லும் நதி, மலைத்தொடரைக் குறுக்கே அறுத்து ஆழ்ந்த இடுக்கு ஒன்றினுள் புகுகிறது. சில்லிங் என்னும் சிற்றூரருகே மார்க்கா ஆற்றை ஏற்றுக்கொண்டு, லே நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிம்முவில் சிந்து நதியோடு சேர்கிறது. கோடைக்காலத்தில் அச்சங்கமத்தில் இரு நதிகளின் நீரும் நிறம் வேறுபட்டுச் சிறிது தூரம் தனித்தனியே ஓடுவதைக் கரையில் நிற்போர் கண்ணாரக் காணலாம்.

லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். இமயத்தின் பெருஞ்சுவர் பருவமழையைத் தடுத்துவிடுவதால் அங்கு மழை மிகக் குறைவு. எனவே சான்ஸ்கார் நதி வானத்து மழையை நம்பி ஓடுவதன்று. பனியும் பனியாறும் உருகுவதால் ஓடுவது. சூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் மிக மிக நீர் பெருகும். பனிக்காலத்தில் நீர் வற்றி, மேற்பரப்பு உறைந்து கெட்டியாகும். அவ்வுறைபனிப் பாதைக்குச் 'சாதர்' என்று பெயர். விரிப்பு என்பது அதன் பொருள். கணவாய்கள் பனியால் மூடப்பட்ட மாதங்களில் பள்ளத்தாக்கு மக்கள் இவ்வுறைந்த ஆற்றின் மீது பல நாள்கள் நடந்தே லே நகருக்குச் சென்றுவந்தனர். பண்டம் விற்கச் சென்றோரும், பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் அவ்வழியில் நடந்தவர்களே. அவர்களுக்கு ஆறும் வழியும் ஒன்றாகவே இருந்தன.

பனிக்காலத்தில் நடந்து கடக்கும் அதே இடுக்கைக் கோடையில் மிதவையில் கடப்பதே நாம் ஈண்டுக் கூறவந்த பயணம். பயணிகள் லே நகரில் இரண்டு மூன்று நாள்கள் தங்கி, 3,500 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்குவர். பின்னர்க் கார்கில் வழியாகச் சூரு பள்ளத்தாக்கில் ஏறி, பென்சி லாவைக் கடந்து சான்ஸ்காரில் இறங்குவது நெடுங்காலம் வழக்கிலிருந்த பாதையாகும். படும் ஊரில் பௌத்தர்களோடு முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

மிதவையும் குழுவினரும்

இப்பயணத்துக்கான மிதவை, வலிய செயற்கை இழைத் துணியின் மீது ரப்பர் பூசித் தைத்து ஒட்டப்பட்ட காற்றுக் கலமாகும். அதன் விளிம்புக் குழாய் ஒரே அறையாக இராது. தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். கூரிய பாறை ஓர் அறையைக் கிழித்தாலும் மற்ற அறைகள் மிதவையைத் தாங்கும். அடித்தளமும் காற்றடைத்ததே. அதன் ஓரங்களில் துளைகள் இருப்பதால், உள்ளே பாய்ந்த நீர் தானே வெளியேறிவிடும். வாளி கொண்டு இறைத்த காலம் போயிற்று.

சில மிதவைகளில் பயணிகளே ஆளுக்கொரு துடுப்பேந்தி வலிக்க, வழிகாட்டி பின்னால் அமர்ந்து ஆணையிடுவார். வேறு சிலவற்றில் நடுவில் பொருத்திய சட்டத்திலிருந்து ஒருவரே இரு நீண்ட துடுப்புகளை வலிப்பார். கூடாரம், அரிசி, பருப்பு, அடுப்பு, மருந்துப் பெட்டி ஆகிய சுமைகள் இத்தகைய மிதவையிலேயே ஏற்றப்படும். இவற்றுக்கு முன்னும் பின்னுமாகக் கயாக் என்னும் ஒற்றையாள் ஓடத்தில் தேர்ந்த வீரர் ஒருவர் செல்வார். நீரில் விழுந்தோரை எட்டிப் பிடிப்பது அவர் கடமை. இடுக்கினுள் கடை இல்லை, மருத்துவமனை இல்லை, பல இடங்களில் ஏறிச் செல்லக் கரையும் இல்லை. உள்ளே எடுத்துச் சென்றதே உணவு. உடன் வந்தவரே துணை.

பயணம் தொடங்குமுன் கற்பிக்கப்படும் பாடங்கள் எளியவை. ஆயினும் ஒவ்வொன்றும் உயிரோடு தொடர்புடையது. லைஃப் ஜாக்கெட்டின் வார் ஒன்றேனும் தளர்ந்திருத்தல் கூடாது. தலைக்கவசம் இன்றி நீரில் இறங்கலாகாது. மிதவையிலிருந்து விழுந்தவன் மல்லாந்து, கால்களைக் கீழோட்டத் திசையில் நீட்டி மிதக்கவேண்டும். எதிர்ப்படும் பாறையைத் தலை சந்திப்பதற்கு முன் கால் சந்திக்கும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வது பெருந்தவறு. அடியிலுள்ள கற்களின் இடையே பாதம் சிக்கினால், ஆற்றின் விசை உடலை முன்னால் மடக்கி அமிழ்த்திவிடும். இடுப்பளவு நீரிலும் தேர்ந்த நீச்சல்காரர் உயிரிழக்க இதுவே காரணமாகிறது. மிதவை பாறையின் மீது குறுக்காக மோதும்போது, பாறைக்கு அஞ்சி விலகாமல், அனைவரும் பாறையின் பக்கமாகவே பாயவேண்டும். விலகினால் மேலோட்டப் பக்கம் தாழ்ந்து நீர் உள்ளே புகும். மிதவை பாறையோடு சுற்றி ஒட்டிக்கொள்ளும். அச்சம் சொல்வதற்கு நேர்மாறானதை உடல் செய்தாகவேண்டிய தருணம் இது. ஆகவேதான் இவ்வாணைகளை அமைதியான நீரில் பலமுறை பயிற்றுவிக்கின்றனர்.

நீரைப் படித்தல்

கரையில் நிற்கும் புதியவனுக்கு நுரை பொங்கும் ஆறு ஒரே குழப்பமாகத் தோன்றும். வழிகாட்டிக்கோ அது எழுதப்பட்ட ஏடு. நீர்ப்பரப்பின் ஒவ்வொரு வடிவமும் அடியிலுள்ள ஒரு காரணத்தைக் காட்டுகிறது.

இரு பாறைகளுக்கு இடையே நீர் புகும்போது, கீழோட்டத்தை நோக்கிக் கூர்ந்த நாக்கு ஒன்று வழவழப்பாக நீளும். அதுவே ஆழமுள்ள வழி. மேலோட்டத்தை நோக்கிக் கூர்முனை அமைந்திருந்தால், அம்முனையில் பாறை மறைந்திருக்கிறது என்று பொருள். பாறையின் பின்புறத்தில் நீர் குறைவுபடுவதால், அவ்வெற்றிடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் மேல்நோக்கித் திரும்பி வரும். இவ்வெதிரோட்டம் பயணிக்குப் புகலிடம். பொங்கும் ஆற்றின் நடுவே மிதவையை நிறுத்தி மூச்சு வாங்கவும், அடுத்ததைப் பார்க்கவும் அங்கேதான் இயலும்.

அதே நீர் பாறையின் மேலே ஏறி அப்பால் செங்குத்தாக விழுமானால் நிலைமை வேறு. விழுந்த நீர் அடியிற் சென்று எழும்போது மேற்பரப்பு பின்னோக்கி மடிந்து உருளும். அம்மடிப்பில் அகப்பட்ட மிதவையும் மனிதனும் வெளியேற இயலாமல் மீண்டும் மீண்டும் சுழல நேரிடும். வெள்ளை நுரை மிகுந்த இடத்தில் காற்று கலந்திருப்பதால் நீரின் தாங்கும் ஆற்றலும் குறையும். கண்ணுக்கு அழகாக வெண்மையாகத் தோன்றுவதே பல வேளைகளில் அஞ்சத்தக்கது.

நீரின் விசையைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். நொடிக்கு 300 கன மீட்டர் நீரோடும் ஆறு, நொடிதோறும் 300 டன் எடையை நகர்த்துகிறது. மேலும், நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், பாறையில் சிக்கிய பொருளின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். தோள்வலிமையால் இதனை எதிர்க்க எண்ணுவது பேதைமை.

அவ்வாறாயின் துடுப்பு எதற்கு? இவ்விடத்தில்தான் நம் வினாவுக்கு விடை தொடங்குகிறது. நீர் செல்லும் வேகத்திலேயே, துடுப்பு அசையாமல் மிதக்கும் மிதவை நீர் கொண்டுபோகும் இடத்துக்கே போகும். ஆற்றினுள் தன் இடத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் மிதவை நீரைவிடச் சற்று விரைந்தோ சற்றுத் தாழ்ந்தோ செல்லவேண்டும். சுமை மிதவையை வலிப்பவர், அபாயத்தை நேரே பார்த்தவண்ணம் மிதவையைச் சாய்வாக நிறுத்தி, அதினின்று பின்னோக்கி வலிப்பார். நீர் மிதவையைக் கீழே கொண்டுசெல்லும்; அவருடைய உழைப்பு அதனைப் பக்கவாட்டில் நகர்த்தும். ஆற்றை நிறுத்த அவரால் ஆகாது. ஆயின் ஆற்றின் அகலத்தில் எந்த இடத்தில் தாம் இருப்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். அதனையும் மிக முன்னதாகவே செய்தாகவேண்டும். பாறையை நெருங்கியபின் வலிக்கும் பத்து வலிப்பைவிட, முன்னரே வலிக்கும் இரண்டு வலிப்புப் பயன் தரும்.

நாள்களின் ஒழுங்கு

நீரின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரையான படிகளால் உலகெங்கும் குறிக்கின்றனர். முதற்படி சிற்றலை, ஆறாம் படி ஏறத்தாழக் கடக்க இயலாதது. சான்ஸ்கார்ப் பயணத்தின் பெரும்பகுதி மூன்றாம், நான்காம் படிகளில் அடங்கும். ஆயின் வெப்ப நாட்டு ஆற்றின் மூன்றாம் படியும், உருகிய பனிநீரின் மூன்றாம் படியும் ஒன்றல்ல. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவன் தன்னை அறியாமலே வாய் திறந்து மூச்சிழுப்பான். சில நிமிடங்களில் கைவிரல்கள் கயிற்றைப் பற்றும் வலுவை இழக்கும். உடலை ஒட்டிய ரப்பர் உடையும் விரைந்த மீட்பும் அங்கு இன்றியமையாதன.

பயணத்தின் தொடக்க நாள்களில் நதி அகன்ற பள்ளத்தாக்கில் பல கால்களாகப் பிரிந்து ஓடுகிறது. குன்றின் மீது அடுக்கிவைத்தாற்போன்ற கர்ஷா மடாலயமும், பார்லி வயல்களும் கரையில் தோன்றும். குழுவினர் ஒருவர் துடுப்பின் ஒலிக்கு மற்றவர் பழகுவது இங்கேதான். பிட்மோவைக் கடந்தபின் மலைச்சுவர்கள் நெருங்குகின்றன. செம்மை, ஊதா, பசுமை எனப் பல நிறம் காட்டும் பாறை அடுக்குகள் மடிந்தும் நிமிர்ந்தும் நிற்கின்றன. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த படிவுகள் இம்மலைகளில் உண்டு. இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியதால் அவை மடிந்து உயர்ந்தன. நெராக் அருகில் அருவி ஒன்று பாறைச் சுவரிலிருந்து இறங்குகிறது. அப்பகுதியில் பேராறு சில மீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி ஓடும் இடமும் உண்டு. இடுக்கின் உள்ளே பாறைகளைவிடச் சுவர்களே சிக்கலை உண்டாக்குகின்றன. சுவரில் மோதித் திரும்பும் நீர் சுழிகளாகவும், அடியிலிருந்து கொதிப்பதுபோல் எழும் குமிழ்ப்பரப்புகளாகவும் மாறி, மிதவையைத் தன் விருப்பப்படி திருப்பப் பார்க்கும்.

பனியாற்று நதிக்கு அன்றாட ஏற்றவற்றம் உண்டு. பகல் வெயிலில் உருகிய நீர் கீழே வந்து சேரப் பல மணி நேரமாகும். மாலையில் தாழ்ந்திருந்த நீர் நள்ளிரவில் உயர்தல் கூடும். ஆதலால் மிதவைகளைக் கரையில் உயர இழுத்து, இரு இடங்களில் கட்டிவைப்பர். கூடாரத்தையும் நீர்க்கோட்டுக்குத் தொலைவிலேயே அமைப்பர். நீரின் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துவிட்டு உறங்கச் செல்வதும், விடிந்ததும் அக்கல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் ஆற்றுப் பயணிகளின் எளிய வழக்கம். அக்கல் நீருக்குள் மறைந்திருந்தால், நேற்றுக் கேட்டறிந்த ஆறு இன்று இல்லை என்பது பொருள்.

இடுக்கைவிட்டு வெளிவரும் பயணி சில்லிங்கை அடைகிறான். செம்பு, வெள்ளிப் பாத்திரங்கள் செய்யும் கைவினைஞருக்குப் பெயர்பெற்றது அச்சிற்றூர். அதன்பின் நிம்மு, சிந்துவோடு கூடும் இடத்தில் பயணம் நிறைவுறுகிறது. உண்ட உணவின் மிச்சம், எரித்த சாம்பல், குப்பை ஆகிய யாவற்றையும் மிதவையிலேயே திரும்பக் கொண்டுவருவது நல்ல குழுவின் இலக்கணம்.

கரையேறும் துணிவு

கடுமையான பகுதியை நெருங்குமுன் வழிகாட்டி மிதவையைக் கரையில் நிறுத்துவார். பாறைமேல் ஏறி, நீரை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்ப்பார். எங்கே நுழைவது என்பதைவிட, தவறினால் எங்கே போய் விழுவோம் என்பதையே மிகுதியாக ஆராய்வார். கீழே அமைதியான நீர் இருப்பின் சிறு பிழை பொறுக்கப்படும். கீழேயும் நுரையே தொடருமாயின் பொறுக்கப்படாது. ஐயம் நீங்காவிடில், சுமையை இறக்கித் தோளில் ஏற்றிக் கரைவழியே நடப்பர். இது தோல்வியன்று.

இவ்வுண்மையை இமய நதிகள் பலமுறை உணர்த்தியுள்ளன. எவரெஸ்ட் சிகரத்தில் 1953இல் டென்சிங்கோடு கால்பதித்த எட்மண்ட் ஹில்லாரி, 1977இல் கங்கை கடலோடு கலக்கும் இடத்திலிருந்து விசைப்படகுகளில் நதியை எதிர்த்து ஏறினார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி அவர் வழியை மறித்தது. அவர் படகைவிட்டு இறங்கி மலைநோக்கி நடந்தார்.

திபெத்தின் யார்லுங் சாங்போ இடுக்கில் 1998 அக்டோபரில் இறங்கிய அமெரிக்கக் கயாக் குழு, அவ்வாண்டு நீர் வழக்கத்தினும் மிக உயர்ந்திருக்கக் கண்டது. கரையோரமாகவே எச்சரிக்கையோடு சென்ற அக்குழுவில் டக் கார்டன் என்னும் தேர்ந்த வீரர், ஓர் அருவியைக் கடக்கையில் எண்ணிய கோட்டினின்று தவறி, நட்டாற்றில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். திறமைக் குறைவு அங்குக் காரணமன்று. உயர்ந்த நீர் பிழைக்கு இடம் தரவில்லை. 2002ஆம் ஆண்டில் ஸ்காட் லிண்ட்கிரென் தலைமையில் ஏழு வீரர்கள் அதே நதிக்குச் சென்றபோது, நீர் தாழ்ந்திருக்கும் பனிக்காலத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஓடத்தை வழியெங்கும் சுமக்க நேர்ந்ததற்கு அவர்கள் நாணவில்லை. மேல் இடுக்கைக் கடந்தபின், அடுத்த பகுதி மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது எனக் கண்டு, ஓடங்களைத் தூக்கிக்கொண்டு உயர்ந்த கணவாய் வழியே அதனைச் சுற்றிச் சென்றனர். எழுவரும் உயிரோடு மீண்டனர்.

மாறிவரும் ஆறு

ஒருமுறை படித்ததோடு முடிந்துவிடும் ஏடன்று ஆறு. 2014 டிசம்பர் இறுதியில் ஃபுக்தால் மடாலயத்துக்கு அருகே மலை சரிந்து சராப் ஆற்றை அடைத்தது. அடைப்புக்குப் பின்னால் நீண்ட ஏரி ஒன்று உருவாயிற்று. 2015 மே 7 அன்று அவ்வடைப்பு உடைந்து வெள்ளம் கீழிறங்கியது. பாலங்கள் பல அழிந்தன. ஆபத்து முன்கூட்டியே அறியப்பட்டிருந்ததால் மனித உயிர்கள் தப்பின. மலைப்பகுதியில் நிகழும் ஒரு சரிவு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பயணியின் கூடாரத்தையும் வந்தடைய வல்லது.

மற்றொரு மாற்றம் மனிதர் செய்தது. இடுக்கின் பாறைச் சுவர்களை வெடிவைத்துக் குடைந்து அமைக்கப்பட்ட, 298 கிலோமீட்டர் நீளமுள்ள நிம்மு–படும்–தார்ச்சா சாலை, 2024 மார்ச் மாதத்தில் இணைக்கப்பட்டது. மனித ஓசையற்ற இடுக்கைத் தேடி வந்த பயணி இதனால் வருந்துகிறான். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. ஆயினும் நோயுற்ற ஒருவரை உறைபனியின் மீது சுமந்து சென்ற குடும்பத்தாரிடம் கேட்டால் விடை வேறாக இருக்கும். வழியற்ற நிலம் விருந்தினனுக்கு அழகு. அங்கே வாழ்வோருக்கு அல்லல். சில நாள்கள் வந்துபோகும் நாம், அவர்தம் சாலையைக் குறைகூறும் உரிமை உடையோம் அல்லோம். சாலையோடு வரும் குப்பையும் நெரிசலும் நதியைக் கெடுக்காமல் காக்கும் கடமை மட்டும் நமக்கும் உண்டு.

முடிவுரை

நீரின் போக்கிலே போகும் புணையில் மனிதனுக்கு என்ன வேலை என்று தொடக்கத்தில் வினவினோம். ஆறு எப்பக்கம் ஓடவேண்டும், எவ்வளவு பெருகவேண்டும், எங்கே விழவேண்டும் என்பவற்றில் அவனுக்குப் பங்கே இல்லை. எப்பருவத்தில் இறங்குவது, எந்த நாக்கில் நுழைவது, எப்பொழுது வலிப்பது, எங்கே கரையேறிச் சுமப்பது என்பவை அவனிடம் விடப்பட்டுள்ளன. அளவிற் சிறியவையே எனினும், உயிர் அவற்றைப் பற்றியே நிற்கிறது.

தம்மால் மாற்றவியலாத சூழலில் வாழ்வைத் தொடங்கும் மாணவர் நம்மிடையே பலர். வீட்டின் நிலை, பொருளின் குறைவு, காலத்தின் போக்கு ஆகியவை அவர்கள் கேட்டுப் பெற்ற ஆறுகள் அல்ல. அவர்கள் சான்ஸ்கார் வழிகாட்டியை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். அவர் ஆற்றை வையவுமில்லை. துடுப்பைக் கீழே போடவுமில்லை. விடியலில் எழுந்து, விளிம்பில் வைத்த கல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அன்றைய ஆற்றுக்கு ஏற்றவாறு அன்றைய வழியைத் தேர்ந்துகொள்கிறார்.